மலைப்பள்ளியில் தலைமை ஆசிரியர் ஆவது எப்படி? முழுமையான வழிகாட்டி

சென்னையிலோ கோவையிலோ வேலை பார்க்கும் இடைநிலை ஆசிரியருக்குத் தலைமை ஆசிரியர் நாற்காலி பணிக்காலத்தின் பின்பாதியில்தான் கண்ணில் படும். கல்வராயன் மலை, ஜவ்வாது மலை, சித்தேரி பக்கம் கதை வேறு. ஈராசிரியர் பள்ளியில் தலைமை ஆசிரியர் மாறுதல் வாங்கிக் கீழே இறங்கிவிட்டார், கலந்தாய்வில் அந்த இடத்தை யாரும் எடுக்கவில்லை என்றால், மறுநாள் காலையில் பீரோ சாவி உங்கள் கையில். பதவி உயர்வு ஆணை எதுவும் இருக்காது. 'தலைமை ஆசிரியர் (பொறுப்பு)' என்ற முத்திரை மட்டும் இருக்கும்.

அதாவது, மற்ற இடங்களில் பதவி வந்தபின் வேலை வரும். இங்கே வேலை முதலில் வரும், பதவி பிறகு வரும், சில சமயம் வராமலே போகும். அதனால் பணியில் சேர்ந்த இரண்டாம் ஆண்டிலிருந்தே தயாராக வேண்டியிருக்கிறது. இந்த வழிகாட்டி அந்த வரிசையில்தான் போகிறது. மலையை வைத்து எழுதினாலும், செங்கல் சூளை ஓரத்துப் பள்ளிக்கும் இருளர் குடியிருப்புப் பள்ளிக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

படி 1: உங்கள் பள்ளி யாருடையது என்று பாருங்கள்

வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் ஒரே மலையில் பள்ளிக் கல்வித் துறையின் ஒன்றியத் தொடக்கப் பள்ளியும், பழங்குடியினர் நலத் துறையின் உண்டு உறைவிடப் பள்ளியும், அரசு உதவி பெறும் பள்ளியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கம் போனால் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் தனி. ஒவ்வொன்றுக்கும் முன்னுரிமைப் பட்டியல் தனித்தனி. ஒன்றில் பத்தாண்டு பார்த்த வேலை இன்னொன்றின் பட்டியலில் உங்களை மேலே தூக்காது.

தொடக்கக் கல்வியில் ஏணி சுருக்கமாக இப்படி: இடைநிலை ஆசிரியர், தொடக்கப் பள்ளித் தலைமை ஆசிரியர், பட்டதாரி ஆசிரியர், நடுநிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர், அதற்கு மேல் வட்டாரக் கல்வி அலுவலர் (பி.இ.ஓ.). பி.இ.ஓ. பதவிக்கு ஆசிரியர் தேர்வு வாரியத்தின் நேரடித் தேர்வும் உண்டு. பள்ளிக் கல்வி பக்கம் பட்டதாரி ஆசிரியர் உயர்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியராகலாம். முதுகலை ஆசிரியருக்கு மேல்நிலைப் பள்ளி.

இதில் பலருடைய கணக்கை மாற்றிப்போட்டது 2023 டிசம்பரில் வந்த அரசாணை 243. அதுவரை தொடக்கக் கல்வி ஆசிரியர்களின் முன்னுரிமை ஒன்றிய அளவில் இருந்தது. அந்த ஆணை அதை மாநில அளவுக்குக் கொண்டுபோனது. சொந்த ஒன்றியத்திலேயே தலைமை ஆசிரியராகி ஓய்வு பெறலாம் என்று இருந்தவர்கள், குறிப்பாகப் பெண் ஆசிரியர்கள், வீதிக்கு வந்து போராடியது இதற்காகத்தான். மலையில் இருப்பவர் இதை இன்னொரு விதத்திலும் பார்க்க வேண்டும்: பதவி உயர்வு வரும்போது அது இந்த மலையிலேயே வரும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

ஆண்டுதோறும் ஜனவரி 1 நிலவரப்படி பதவி உயர்வுக்கான தேர்ந்தோர் பட்டியல் தயாராகும். வரைவுப் பட்டியல் வந்ததும் உங்கள் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு வாட்ஸப்பை மூடிவிடாதீர்கள். பணியில் சேர்ந்த தேதி, முறையான நியமனத் தேதி, பட்டம் பெற்ற ஆண்டு மூன்றையும் ஒவ்வொன்றாக ஒத்துப் பாருங்கள். தவறு இருந்தால் அப்போதே எழுத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பட்டியல் இறுதியான பிறகு திருத்துவது நீதிமன்ற வேலை.

படி 2: தகுதிக் கோப்பு

முதலில் டெட். 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பின்படி, ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் இருக்கும் பணியிலுள்ள ஆசிரியர்கள் இரண்டு ஆண்டுக்குள் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேற வேண்டும். ஐந்தாண்டுக்குள் ஓய்வு பெறுபவர்கள் வேலையில் தொடரலாம், ஆனால் தேறாமல் பதவி உயர்வு கிடையாது. சிறுபான்மைப் பள்ளிகளின் கேள்வி மட்டும் பெரிய அமர்வுக்குப் போயிருக்கிறது. தீர்ப்பை மறுபரிசீலனை செய்யக் கேட்டு மனுக்கள் போனது உண்மைதான். அதை நம்பிப் புத்தகத்தை மூடி வைப்பது நல்லதில்லை. ஒன்று முதல் ஐந்து வரை எடுப்பவருக்கு முதல் தாள், ஆறு முதல் எட்டு வரைக்கு இரண்டாம் தாள். நடுநிலைப் பள்ளி கனவு இருந்தால் இரண்டாம் தாளையும் சேர்த்தே எழுதிவிடுங்கள். ஒரு முறை தேறினால் ஆயுளுக்கும் செல்லும்.

உயர்நிலைப் பள்ளிப் பக்கம் போக நினைக்கும் பட்டதாரி ஆசிரியர்கள் துறைத் தேர்வுகளைத் தள்ளிப்போடாதீர்கள். டி.என்.பி.எஸ்.சி. அவற்றை மே, டிசம்பர் என ஆண்டுக்கு இரண்டு முறை நடத்துகிறது. கணக்குத் தேர்வு, அலுவலக நடைமுறைத் தேர்வு, கல்வித் துறைக்கே உரிய தாள்கள் என்று இருக்கும். ஆசிரியர்கள் இதை வெறும் சடங்கு என்று நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு தலைமை ஆசிரியருக்கு உண்மையில் உதவும் படிப்பு இதில்தான் இருக்கிறது. பயிற்சி முகாமில் கொடுக்கும் கையேட்டில் இல்லை.

மேல்படிப்பு படிக்கிறீர்களா? சேர்வதற்கு முன்பே துறை அனுமதி வாங்குங்கள், முடித்ததும் பணிப்பதிவேட்டில் பதிய வையுங்கள். பணிப்பதிவேட்டை ஆண்டுக்கு ஒரு முறையாவது அலுவலகத்தில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் பாருங்கள். மலையிலிருந்து இறங்கி ஒன்றிய அலுவலகம் போய் வர ஒரு நாள் போய்விடும். போகட்டும்.

படி 3: பதிவேடுகளைக் கற்றுக்கொள்ளுங்கள்

பொறுப்பு வரும்வரை காத்திருக்காமல், இப்போதைய தலைமை ஆசிரியரிடம் போய், "சார், சேர்க்கைப் பதிவேட்டை இந்த வருஷம் நான் எழுதட்டுமா?" என்று கேளுங்கள். அநேகமாக அவர் முகம் மலரும்.

எல்லாப் பதிவேட்டையும் ஒரே மாதிரி மதிக்க வேண்டியதில்லை. சுற்றறிக்கைக் கோப்பு ஒரு நாள் தாமதமானால் உலகம் முடிந்துவிடாது. சேர்க்கை நீக்கல் பதிவேடு அப்படி இல்லை. அதில் இன்று நீங்கள் எழுதும் பிறந்த தேதி, அப்பா பெயர் ஆகியவைதான் பிறகு மாற்றுச் சான்றிதழில் ஏறி, கல்லூரிச் சேர்க்கைக்கும் வேலைக்கும் போகும். அம்மா சொன்ன பெயர் ஒன்று, ஆதாரில் ஒன்று, பிறப்புச் சான்றில் ஒன்று என்று மூன்று எழுத்துக்கூட்டல் இருக்கும். சேர்க்கும் அன்றே மூன்றையும் மேசையில் பரப்பி, எதைத் திருத்துவது என்று பெற்றோருடன் பேசி முடிவெடுங்கள். மாணவர் விவரங்களை ஏற்றும் துறையின் எமிஸ் தளத்திலும் அதே எழுத்துக்கூட்டல். பிறப்புச் சான்று இல்லை என்றால் சேர்க்க மறுக்கக் கூடாது (கல்வி உரிமைச் சட்டம், 14ஆம் பிரிவு). மாற்றுச் சான்று வரத் தாமதமானாலும் அப்படியே (5ஆம் பிரிவு). பெற்றோரோடு சூளை வேலைக்குப் போய்த் திரும்பி வரும் குழந்தைகளுக்கு இந்த இரண்டு பிரிவும்தான் கதவு.

சாதிச் சான்றிதழ் இதைவிடச் சிக்கல். பட்டியல் பழங்குடியினருக்கு அந்தச் சான்றைக் கொடுப்பவர் வருவாய்க் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர், தாசில்தார் இல்லை. ஊர் மக்கள் தாசில்தார் ஆபீசுக்கு அலைந்துகொண்டிருப்பார்கள். அடுத்து, பட்டியலில் 'மலையாளி' என்ற பழங்குடி பழைய சேலம், தருமபுரி, வட ஆற்காடு, தென் ஆற்காடு, திருச்சி, புதுக்கோட்டை மாவட்டங்களுக்கு மட்டும் சொல்லப்பட்டிருக்கிறது. அதனால் சேலம் மாவட்டத்தில் பழங்குடியாக இருப்பவரின் சொந்தக்காரர், ஈரோடு மாவட்டத்துக் கடம்பூர் மலையில் பழங்குடி இல்லை. கடம்பூர் மலைப் பள்ளியில் பொறுப்பேற்பவர் இதைத் தெரிந்துகொள்ளாமல், "சான்று வாங்கிக்கிட்டு வாங்க" என்று பெற்றோரை விரட்டினால் அவர்கள் எங்கே போவார்கள்? சான்று கிடைக்கக்கூடிய இடங்களில், குழந்தை எட்டாம் வகுப்பில் இருக்கும்போதே மனு போடத் தொடங்கினால், பிளஸ் டூ முடிப்பதற்குள் வழி பிறக்கலாம். நரிக்குறவர், குருவிக்காரர் பிள்ளைகள் பள்ளியில் இருந்தால் வேறொன்று கவனியுங்கள்: அவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் மசோதா 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அதற்கு முன்பு எழுதிய பதிவேட்டில் பழைய பிரிவுதான் இருக்கும்.

படி 4: ஊரோடு வேலை

முன்னுரிமைப் பட்டியலில் இதற்கு மதிப்பெண் இல்லை. ஆனால் மலையில் தலைமை ஆசிரியர் நிற்பதும் விழுவதும் இதில்தான்.

முதல் வேலை, ஊர் எந்த மாதம் காலியாகும் என்று தெரிந்துகொள்வது. டிசம்பர் தொடங்கிக் காபிப் பழம் பறிக்கக் கர்நாடகத் தோட்டங்களுக்குக் குடும்பத்தோடு போவார்கள். கேரளத்துக்குக் கட்டட வேலை, பொங்கலுக்குப் பிறகு செங்கல் சூளை. ஜனவரியில் வகுப்பில் ஆள் குறைந்தபின் வீடு வீடாகப் போய்ப் பயனில்லை, வீடு பூட்டியிருக்கும். அக்டோபரிலேயே கேட்க வேண்டும். யார் போகிறீர்கள், பிள்ளையைப் பாட்டியிடம் விடுவீர்களா, கூட்டிக்கொண்டு போவீர்களா, எந்தத் தோட்டம், ஆள் கூட்டிப்போகும் மேஸ்திரி யார், போன் நம்பர் என்ன? பாட்டியிடம் விடத் தயங்குபவருக்கு உண்டு உறைவிடப் பள்ளியில் இடம் கேட்டுக் கொடுக்கலாம். ஆறாம் வகுப்பு முதல் பெண் பிள்ளைகளுக்கு கஸ்தூரிபா காந்தி உண்டு உறைவிடப் பள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். கூட்டிக்கொண்டு போகும் பிள்ளையின் பெயரை நீக்கிவிடாதீர்கள். எட்டாம் வகுப்புவரையான தொடக்கக் கல்வி முடியும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது என்கிறது 16ஆம் பிரிவு.

இரண்டாவது, பள்ளி மேலாண்மைக் குழு. சட்டப்படி உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். தாளில் எல்லாப் பள்ளியிலும் இது சரியாக இருக்கும். கூட்டத்தைப் போய்ப் பாருங்கள்: வார்டு உறுப்பினரும் ஊர்த் தலைவரான கவுண்டரும் நாற்காலியில், குழுத் தலைவியான அம்மா சுவரோரம் தரையில். தீர்மானப் பதிவேடு கடைசியில் அவரிடம் வரும், பேனாவும் வரும், "இங்க போடும்மா" என்று ஒரு விரல் இடம் காட்டும். அவர் மூன்றாம் வகுப்புவரை படித்தவர். பெயரை எழுத்து எழுத்தாகக் கூட்டி எழுதி முடிக்கும்வரை எல்லோரும் கிளம்பத் தயாராக நிற்பார்கள்.

இதை மாற்றப் புரட்சி எதுவும் வேண்டாம். எல்லோரையும் தரையில் உட்கார வையுங்கள், நீங்களும் உட்காருங்கள். தீர்மானத்தைக் கையெழுத்துக்கு முன் சத்தமாகப் படியுங்கள். தொகை வரும் இடத்தில் நிறுத்தி, "இந்தப் பணம் எதுக்குன்னு புரிஞ்சுதாக்கா?" என்று கேளுங்கள். சில கூட்டங்களிலேயே அவர் கேள்வி கேட்கத் தொடங்குவார். அந்தக் கேள்விகள் உங்களுக்குத் தொந்தரவாக இருக்கும். இருக்கட்டும், தணிக்கையில் உங்களைக் காப்பாற்றப்போவது அவைதான்.

கூட்டத்தை மாலை மூன்று மணிக்கு வைக்கச் சொல்லி மேலிருந்து தகவல் வரும். மூன்று மணிக்குக் காட்டில் வேலை. கூலி போனால் யார் தருவார்கள்? சந்தை நாள், கூலி நாள், ஊர்த் திருவிழா எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, வட்டாரக் கல்வி அலுவலரிடம் முன்கூட்டியே பேசி நேரத்தை நகர்த்துங்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். 2022 செப்டம்பர் 15இல் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் இந்த விஷயத்தில் ஒரு வரம். சமைக்க வருவது சுய உதவிக் குழுப் பெண்கள், பிள்ளைகளின் அம்மாக்கள். ஊரில் என்ன நடக்கிறது என்று காலை எட்டரைக்குள் தெரிந்துவிடும்.

மொழியையும் சொல்ல வேண்டும். நீலகிரியில் பணியரோ இருளரோ வீட்டில் பேசுவது பாடப்புத்தகத் தமிழ் இல்லை. முதல் வகுப்புக் குழந்தை பதில் சொல்லாமல் நின்றால் 'மந்தம்' என்று முடிவு கட்டாதீர்கள். அந்தப் பேச்சில் ஐம்பது சொல்லாவது நீங்கள் கற்றுக்கொள்ளுங்கள். சத்துணவு ஆயாவைவிட நல்ல ஆசிரியர் அதற்குக் கிடையாது.

படி 5: சாவி வாங்கும் நாள்

பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் எண்ணிப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். பழைய தலைமை ஆசிரியர் உங்கள் குருவாகவே இருக்கட்டும். மடிக்கணினி, புரொஜக்டர், இலவசப் பொருள்களின் மீதி, பெஞ்சு, எரிவாயு உருளை எல்லாவற்றையும் இருப்புப் பதிவேட்டுடன் ஒத்துப் பாருங்கள். உடைந்தது 'உடைந்தது' என்றே எழுதப்பட வேண்டும். ரொக்கப் பதிவேட்டை அன்றைய தேதி வரை முடித்து, வங்கி இருப்போடு சரிபார்த்து இருவரும் ஒப்பமிடுங்கள். நிலுவையில் தணிக்கைத் தடை (தணிக்கையாளர் எழுப்பிய ஆட்சேபம்) இருந்தால் அது யார் காலத்தது என்று அங்கேயே பதிவாக வேண்டும். யாரோ வாங்கிய பீரோவுக்கு ரசீது இல்லாமல், ஓய்வு பெறும் நேரத்தில் இன்னொருவரின் ஓய்வூதியக் கோப்பு நிற்பது துறையில் பழைய கதை.

'சார் மனசு கஷ்டப்படுவாரே' என்று தோன்றும். "ரெண்டு பேருக்குமே பாதுகாப்பு சார்" என்று சொல்லிவிட்டு எண்ணுங்கள்.

படி 6: முதல் ஆண்டில் எதைத் தொடுவது

எல்லாவற்றையும் தொட வேண்டாம். சுவருக்கு ரயில்பெட்டி வண்ணம் அடிப்பது போட்டோவுக்கு அழகு. அதற்கு முன் இரண்டே காரியம்: பள்ளி தினமும் நேரத்துக்குத் திறக்க வேண்டும், மூன்றாம் வகுப்பு முடிப்பதற்குள் குழந்தை வாசிக்க வேண்டும். 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தின் பயிற்சி நூல்கள் கையில் இருக்கின்றன. மாதம் ஒருநாள் ஒவ்வொரு குழந்தையையும் அருகில் உட்கார வைத்து, அதற்குத் தெரியாத ஒரு பத்தியை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். செயலியில் ஏற்றும் மதிப்பீடு வேறு, இது வேறு.

நேரத்துக்குத் திறப்பது என்பது பேருந்து விஷயம். சமவெளியிலிருந்து வரும் சக ஆசிரியரின் பஸ் பத்து மணிக்குத்தான் மேலே வரும் என்றால், அவரை மெமோ கொடுத்துத் திருத்த முடியாது. ஊராட்சித் தலைவர், மேலாண்மைக் குழு இரு தரப்பின் கையெழுத்தோடும் போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளருக்கு மனு போடுங்கள். கிராம சபையிலும் தீர்மானமாக்குங்கள். பஸ் நேரம் மாறும்வரை முதல் பாடவேளையை மாற்றிக்கொள்ளலாம். பஸ் இருந்தும் தாமதமாக வருபவரை என்ன செய்வது? தனியாகக் கூப்பிட்டு ஒரு முறை, எழுத்தில் ஒரு முறை, பிறகு மேலே. ஊர்க்காரர்கள் முன்னால் ஒருபோதும் வேண்டாம்.

நடுநிலைப் பள்ளி என்றால் எட்டாம் வகுப்புக்கு, கல்வி உதவித்தொகைக்கான என்.எம்.எம்.எஸ். தேர்வை விட்டுவிடாதீர்கள். தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை மாதம் 1000 ரூபாய். மனத்திறன் 90, படிப்பறிவு 90 என 180 கேள்விகள். ஏழாம் வகுப்பிலேயே வாரம் இரண்டு மாலை மனத்திறன் கணக்குப் போட வைத்தால் மலைப் பிள்ளைகள் நன்றாகவே செய்கிறார்கள். எட்டாவதோடு படிப்பை நிறுத்தும் முடிவைப் பல வீடுகளில் தள்ளிப்போடுவது அந்த ஆயிரம் ரூபாய்தான்.

குழந்தைப் பாதுகாப்பில் 'ஊர்ப் பெரியவங்க பேசித் தீர்த்துக்கலாம்' என்ற பேச்சுக்கே இடமில்லை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, தெரிந்ததும் புகார் செய்தாக வேண்டும். தனக்குக் கீழ் வேலை செய்பவர் செய்த குற்றத்தை நிறுவனத் தலைவர் மறைத்தால் ஓராண்டு வரை சிறை என்கிறது 21ஆம் பிரிவு. பொறுப்புத் தலைமை ஆசிரியரும் அதில் அடக்கம். 1098 (குழந்தைகள் உதவி எண்), 14417 (கல்வித் துறை உதவி எண்) இரண்டையும் சுவரில் குழந்தைகளின் கண் உயரத்தில் எழுதி வையுங்கள்.

படி 7: பணமும் ஆள் எண்ணிக்கையும்

ஒருங்கிணைந்த பள்ளி மானியம் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது. ஒன்றிய அரசின் பள்ளிக் கல்வித் திட்டமான சமக்ர சிக்‌ஷா வரையறையில் 30 பேர் வரை 10,000 ரூபாய், 100 வரை 25,000, 250 வரை 50,000. ஒன்றிய அரசோடு இருக்கும் இழுபறியில் அது எப்போது வரும் என்று சொல்ல முடியாத நிலை. ஆகவே அவசரமான ஓட்டையை மட்டும் அடைத்துவிட்டு, பெரிய வேலைக்கு 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' தளத்தில் தேவையைப் பதிவு செய்யுங்கள். நன்கொடையாளர் யாராக இருந்தாலும் கையில் ரொக்கம் வாங்காதீர்கள். பொருளாக வாங்கினால் அன்றே இருப்புப் பதிவேட்டில் ஏற்றுங்கள். நோட்டு கொடுக்க வருபவர்கள் குழந்தைகளை வரிசையாக நிற்க வைத்துப் படம் எடுக்கக் கேட்பார்கள். முடியாது என்று சிரித்துக்கொண்டே சொல்லப் பழகுங்கள்.

பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்று கணக்கிடும் பணியாளர் நிர்ணயம் ஆகஸ்ட் 1 நிலவரப்படி நடக்கும். தொடக்கப் பள்ளியில் 60 பேர் வரை இரண்டு ஆசிரியர், 61 ஆனால் மூன்று என்கிறது கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை. 58 பேர் இருக்கும் பள்ளியில் மூன்று பெயரைச் சும்மா சேர்த்துவிடும் ஆசை எல்லோருக்கும் வரும். எமிஸும் ஆதாரும் அதைப் பிடித்துவிடும். அதைவிட, உங்களோடு உட்கார்ந்து தீர்மானத்தில் கையெழுத்துப் போடும் அந்த அம்மாவுக்கு ஊரில் எத்தனை குழந்தை என்று தெரியும். உண்மையான மூன்று பேர் அநேகமாக அடுத்த குக்கிராமத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருப்பார்கள். ஜூன் மாதமே போய்க் கூட்டி வாருங்கள்.

படி 8: பதவி உயர்வு ஆணை வந்தால்

ஒருநாள் முறையான பதவி உயர்வு வரும், தொலைவில். ஏற்கலாம்; தற்காலிகமாக உரிமை விட்டும் கொடுக்கலாம். உரிமை விட்டால் சில ஆண்டுகளுக்குப் பட்டியலில் பெயர் வராது, சக ஆசிரியர்கள் முந்திவிடுவார்கள், ஓய்வூதியத்திலும் அது தெரியும். தியாகம் என்று நினைத்துக்கொண்டு முடிவெடுக்க வேண்டாம். ஒரே ஆசிரியரை நம்பி ஒரு பள்ளி பத்தாண்டு ஓடினால், அவர் போன அடுத்த ஆண்டே அது படுத்துவிடுகிறது. உங்கள் இளைய ஆசிரியர் சேர்க்கைப் பதிவேட்டை எழுதப் பழகிவிட்டாரா, மேலாண்மைக் குழுத் தலைவி தானாகக் கூட்டம் கூட்டுகிறாரா என்று பாருங்கள். இரண்டும் நடக்கிறது என்றால் தாராளமாகப் போகலாம்.

போகும்போது துறை கேட்கும் ஒப்படைப்புப் பட்டியலோடு இன்னொரு நோட்டையும் கொடுங்கள். எந்த வீடு எந்த மாதம் எந்தத் தோட்டத்துக்குப் போகும், மேஸ்திரிகளின் எண்கள், கோட்டாட்சியர் அலுவலகத்தில் சாதிச் சான்றுக்கு நிற்கும் மனுக்களின் எண்கள், மழையில் எந்தப் பாதை மூழ்கும், எந்தக் குழந்தைக்கு வலிப்பு வரும். இந்த நோட்டுக்குத் துறையில் படிவ எண் கிடையாது. சாவியோடு சேர்த்துக் கொடுத்து, வாங்கியவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.